“சோத்தைக் குறைச்சே, இளைச்சே, அவ்வளவுதானே?” - 15 கிலோவுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். 11 மாதங்களில் 86 கிலோவிலிருந்து 71 கிலோவுக்கு வந்திருக்கிறீர்கள். அலுவலகத்தில் “சோத்தைக் குறைச்சே, இளைச்சே, இதுல என்ன இருக்கு” என்கிறார்கள். சொந்தக்காரர்கள் “முகமே வாடிப்போச்சு, சுகரா?” என்று கேட்கிறார்கள். இது அவ்வளவு சுலபமான காரியம்தானா, நீங்கள்தான் பெரிதுபடுத்துகிறீர்களா, இவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பது கேள்வி.

சுலபமில்லை. நீங்கள் எதையும் பெரிதுபடுத்தவும் இல்லை. குறைவாகச் சாப்பிட்டால் எடை குறையும் என்பது சரிதான். ஆனால் எதை, எவ்வளவு, எத்தனை நாள், எந்த நிலையில் குறைக்க வேண்டும் என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. அந்த வேலை வெளியே தெரிவதில்லை. அதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது (உணவுப் பொட்டலத்தில் அச்சிடுவார்களே, அந்தக் கலோரி). 15 கிலோவும் கொழுப்பாகவே போனது என்று வைத்துக்கொண்டால் 1,15,500 கலோரி. 11 மாதங்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 345. அதாவது இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் டீயும். கேட்பவருக்கு இது சின்னதாகத் தோன்றும். சிரமமே அது சின்னதாக இருப்பதில்தான். ஒரு பெரிய விருந்தைத் தவிர்ப்பது ஒரே ஒரு முடிவு. நாளுக்கு 345 கலோரியைத் தவறாமல் காப்பாற்றுவது தினமும் பத்துப் பதினைந்து முடிவுகள். தாளிக்கும்போது கை கொஞ்சம் தாராளமாகச் சாய்ந்தால் 100 கலோரி போய்விடும். பிள்ளை தட்டில் வைத்துவிட்டுப் போன அரைத் தோசை 70. அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள் என்று ஒரு சமோசா 250. இப்படி ஒரு நாளின் கணக்கு யாருக்கும் தெரியாமலே அழிந்துவிடும். சாப்பிட்டவருக்கே தெரியாது.

இது நினைவுக் குறைவோ நேர்மைக் குறைவோ இல்லை. 1992-இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது. “எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை” என்று சொன்னவர்களை எடுத்து, அவர்கள் உடல் உண்மையில் எவ்வளவு ஆற்றல் செலவிடுகிறது என்று அளந்தார்கள். தாங்கள் சாப்பிட்டதை அவர்கள் சராசரியாக 47 விழுக்காடு குறைத்துச் சொல்லியிருந்தது தெரிந்தது. ஏமாற்றும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. கண்ணால் உணவை அளக்கும் திறமை மனிதர்களிடம் மிகக் குறைவு. ஆகவே எடை குறைத்தவர் ஒருவர் இருக்கிறார் என்றால், அவர் அளக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். தராசில் வைத்தோ, கரண்டிக் கணக்கிலோ, தட்டின் அளவை மாற்றியோ, ஏதோ ஒரு வழியில்.

நம் சமையலறையில் இந்த அளவு எங்கே தவறுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். “சோத்தைக் குறைச்சே” என்கிறவர்களுக்குத் தெரியாத பகுதி இதுதான்.

முதலில் எண்ணெய். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் வாங்கினால் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மில்லி. அது மட்டுமே 270 கலோரிக்கு மேல். அதை 2 லிட்டராக்கினால், சோற்றில் கை வைக்காமலே ஆளுக்கு 135 கலோரி குறைகிறது. ஆனால் 2 லிட்டராக்குவது ஒரு நாளில் நடக்காது. பாட்டிலில் வாரத்துக்கு ஒரு கோடு போட்டு, அதற்குள் நிறுத்த வேண்டும். சட்டியில் பாட்டிலைச் சாய்க்காமல் 5 மில்லி கரண்டியால் எடுத்து ஊற்ற வேண்டும். பொரியலுக்கு இரண்டு கரண்டி, குழம்புக்கு மூன்று. கத்திரிக்காயையும் உருளைக்கிழங்கையும் எண்ணெயில் வதக்குவதற்குப் பதில் முக்கால் வேக்காடு ஆவியில் வைத்து, பிறகு தாளித்துப் புரட்ட வேண்டும். தோசைக்கு எண்ணெயைச் சுற்றி ஊற்றாமல், நறுக்கிய வெங்காயத்தில் தொட்டுக் கல்லில் தேய்க்க வேண்டும். முதல் வாரம் வீட்டில் எல்லோரும் “ருசியே இல்லை” என்பார்கள். மிளகு, சீரகம், பூண்டு, எலுமிச்சை, கொத்தமல்லி ஆகியவற்றைக் கூட்டித்தான் அதைச் சமாளிக்க வேண்டியிருக்கும். சமைப்பவரே எடை குறைப்பவராகவும் இருந்தால் அந்தப் பேச்சு முழுவதும் அவர் தலையில்தான்.

அடுத்தது தேங்காய். 100 கிராம் துருவலில் 350 கலோரிக்குக் குறையாது. ஒரு மூடியைத் துருவினால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். காலைச் சட்னி, மதியக் கூட்டு, இரவு இன்னொரு சட்னி என்று மூன்று இடத்தில் அது ஒளிந்திருக்கும். சட்னியில் பாதித் தேங்காயை எடுத்துவிட்டுப் பொட்டுக்கடலையும் புதினாவும் சேர்த்தால் கெட்டித்தன்மை அப்படியே இருக்கும்.

சோற்றைப் பொறுத்தவரை நிறுத்துவது யாருக்கும் அவசியமில்லை. அளப்பதுதான் அவசியம். எலக்ட்ரிக் குக்கரோடு வரும் கப் ஒன்றில் ஏறக்குறைய 150 கிராம் அரிசி பிடிக்கும், அதில் 520 கலோரி. வெந்தபின் 400 கிராம் சோறு ஆகும். வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை போட்டுக்கொள்ளும் பழக்கத்தில் இந்த 400 கிராமைத் தாண்டிவிடுவது வெகு சாதாரணம். 150 கிராம் சோற்றை ஒரே முறை எடுத்து, அதையே மூன்றாகப் பிரித்துக்கொள்வதுதான் பலருக்கும் ஒத்துவருகிறது. சோற்றைக் கண்மூடித்தனமாக வெட்டினால் என்ன ஆகும் தெரியுமா? மாலை 5 மணிக்குப் பசி தாங்காமல் கை மிக்சர் டப்பாவுக்குப் போகும். மிக்சர் 100 கிராமில் 500 கலோரிக்கு மேல். மிச்சப்படுத்தியதை விட அதிகம்.

அதனால்தான் குறைத்த சோற்றின் இடத்தில் புரதம் வர வேண்டும். எடை குறைப்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதமாவது தேவை. 70 கிலோ ஆளுக்கு 84 கிராம். வழக்கமான சைவச் சாப்பாட்டில் அது சுலபமாகச் சேராது. எண்ணிப் பாருங்கள்: 60 கிராம் துவரம்பருப்பில் 13, 300 கிராம் தயிரில் 9, வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமில் 8 அல்லது 9, பனீர் 100 கிராமில் 18, காய்ந்த சோயா உருண்டை 30 கிராமில் 15, இட்லி சோறு எல்லாவற்றிலுமாக 15. மொத்தம் 80-ஐ நெருங்குகிறது, அவ்வளவுதான். அசைவம் சாப்பிடுபவருக்கு முட்டை (ஒன்றில் 6 கிராம்), மத்தி, கோழி நெஞ்சுக்கறி என்று வழி கொஞ்சம் எளிது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. இந்தக் கணக்கை முந்தின இரவே போட்டு, கடலையை ஊறவைத்து, காலையில் வேகவைத்து, டப்பாவில் அடைத்து வேலைக்குக் கிளம்புகிற ஒருவரைப் பார்த்து “சோத்தைக் குறைச்சே” என்றால், அந்த வேலை மொத்தத்தையும் இல்லை என்று சொன்னதாகிறது.

இனி உடலின் பக்கம். வெளியே தெரியாத உழைப்பில் மிகப் பெரிய பங்கு இங்கேதான்.

எடை குறையக் குறைய உடல் அதைத் தடுக்கிறது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் குறைகிறது, இரைப்பை சுரக்கும் கிரெலின் கூடுகிறது. முன்னது “போதும்” என்று மூளைக்குச் சொல்வது, பின்னது “இன்னும் வேண்டும்” என்பது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 50 பேருக்கு 10 வாரக் கடும் உணவுக்கட்டுப்பாடு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011-இல் வெளியானது. கட்டுப்பாடு முடிந்து ஓர் ஆண்டு கழித்து அளந்தபோதும் இந்தச் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் கூடுதலாகவே இருந்தது. அதாவது இளைத்து ஒரு வருடம் ஆனவருக்கும், இளைப்பதற்கு முன் இருந்ததை விடப் பசி அதிகம். பக்கத்து மேசைக்காரரும் நீங்களும் ஒரே வடையைப் பார்க்கும்போது, உங்களுக்கு அது அதிகமாக மணக்கிறது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு ஆகும் செலவு அவருக்கு ஆவதில்லை.

இதைவிடத் தெளிவான இன்னொரு சான்று இருக்கிறது. கானாகிளிஃபுளோசின் என்று ஒரு நீரிழிவு மாத்திரை. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையில் ஒரு பகுதியைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அதை எடுத்தவர்களுக்குத் தாங்கள் தினமும் கலோரி இழக்கிறோம் என்பது தெரியாது. உணவுக்கட்டுப்பாடு எதுவும் அவர்கள் செய்யவில்லை. அவர்களுடைய எடை மாற்றத்தை வைத்து கெவின் ஹால் என்பவரின் குழு 2016-இல் கணக்கிட்டபோது, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் பசி நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கலோரி கூடுகிறது என்று வந்தது. அதே ஒரு கிலோவுக்கு உடலின் செலவு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. மனத்தில் ஆசை இல்லாதபோதும், தாம் இளைக்கிறோம் என்றே தெரியாதபோதும், உடல் தானாகவே கூடுதலாகச் சாப்பிட வைக்கிறது. “மனசைக் கட்டுப்படுத்தினா போதும்” என்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செலவு குறைவதன் விளைவை உங்கள் எண்ணிலேயே பாருங்கள். 15 கிலோவுக்கு, கிலோவுக்கு 20 என்று குறைத்து வைத்தாலும் 300 கலோரி. 86 கிலோவில் இருந்தபோது உங்களை இளைக்க வைத்த அதே சாப்பாடு, 71 கிலோவில் எடையை அப்படியே நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். ஆறாம் ஏழாம் மாதத்தில் முள் அசையாமல் நிற்பதற்கு முக்கியக் காரணம் இது. அந்த நேரத்தில்தான் “என்ன, நின்னுபோச்சா?” என்ற கேள்வி வரும். எடை நின்ற மாதங்களில் உழைப்பு வீணாகிறது என்பதும் தவறு. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்கள் நடையையும் உணவையும் சீராக்கியதால் மூன்றாண்டுகளில் அவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. எடையில் குறிப்பிடும்படி மாற்றம் ஏற்படாமலே கிடைத்த பலன் அது.

எடை பார்க்கும் இயந்திரமும் மனத்தை நிறைய அலைக்கழிக்கும். முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தால் அதில் பெரும்பங்கு தண்ணீர். தசையிலும் ஈரலிலும் சேமித்த கிளைகோஜன் ஒரு கிராம் கரையும்போது மூன்று கிராம் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வெளியேறும். ஊரார் “சூப்பர்” என்று பாராட்டுவது இந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான். உண்மையான கொழுப்பு மெதுவாகக் கரையும் ஐந்தாம் மாதத்தில் பாராட்ட யாரும் இருப்பதில்லை. அதே கணக்கில், கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்ட மறுநாள் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தால் அது கொழுப்பாக இருக்க வழியில்லை. அவ்வளவு கொழுப்பு சேர, செலவுக்கு மேல் 11,000 கலோரிக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும். கூடியது உப்பும் தண்ணீரும் வயிற்றில் இருப்பதும்தான். மூன்று நாளில் இறங்கிவிடும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோகூட ஏறி இறங்கும். அதனால் போன மாதத்தின் அதே வாரத்தோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். காலையில் கழிவறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன் எடை பாருங்கள். எழுதி வையுங்கள். ஏழு நாள் சராசரியை முந்தைய ஏழு நாள் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

உடற்பயிற்சி பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 70 கிலோ ஆள் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 120 கலோரி. சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகும் 35-ஐக் கழித்தால் 85. ஒரு வடைக்குக்கூடப் போதாது. நடையால் மட்டும் இளைத்தவர்கள் அதனால்தான் அரிது. நடையின் பயன் சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் மனநிலையிலும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குறைந்த எடையைக் காப்பதிலும் இருக்கிறது. தசை கரையாமல் இருக்க வாரம் இரண்டு நாள் பளு வேலை வேண்டும்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 12 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 12 முறை, 5 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி இறக்குவது 10 முறை, இதை மூன்று சுற்று. ஜிம் கட்டாயமில்லை.

தூக்கத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சிகாகோவில் 2010-இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், ஒரே ஆட்களுக்கு ஒரே உணவுக்கட்டுப்பாட்டை இரண்டு முறை கொடுத்தார்கள். படுக்கையில் 8.5 மணி நேரம் இருந்த இரண்டு வாரத்தில் 1.4 கிலோ கொழுப்பு போனது. 5.5 மணி நேரம் இருந்த இரண்டு வாரத்தில் 0.6 கிலோ. மொத்த எடைக் குறைவு இரண்டிலும் சுமார் 3 கிலோதான். தூக்கம் கெட்டபோது கொழுப்புக்குப் பதில் தசை போனது. இரவு 10 மணிக்கு செல்போனை அணைத்துவிட்டுப் படுப்பதும் உழைப்பில் சேர்த்திதான்.

இப்போது பேச்சுகளுக்கு வருகிறேன். எல்லாப் பேச்சுக்கும் ஒரே பதில் கிடையாது. சில அறியாமை, சில அக்கறை, சில பொறாமை.

“ஒரு நாள்தானே, சாப்பிடு.” இது அன்பாலும் வரும், ஆனால் கணக்கை இதுவே அதிகம் கெடுக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் 450 கலோரி குறைத்தால் 2,250. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தேவைக்கு மேல் 1,100 சாப்பிட்டால் 2,200. வாரம் முழுக்க வாயைக் கட்டி மிஞ்சியது 50. நம் ஊரில் அந்த “ஒரு நாள்” கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, ஆடி, தீபாவளி, பொங்கல், அலுவலகப் பிரிவுபசாரம் என்று வரிசையாக வரும். போகாமல் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். பந்தியில் உட்கார்ந்தால் பொரியல், கூட்டு, அவியலை முதலில் சாப்பிடுங்கள். அப்பளம், வடையில் ஏதாவது ஒன்று. சோறு ஒரே தடவை. பாயசம் பாதிக் கிண்ணம். இலையில் ஏதாவது கொஞ்சம் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள், காலியான இலையைத்தான் பரிமாறுகிறவர் தேடி வருவார். “வேண்டாம்” என்றால் வற்புறுத்துவார்கள், “கொஞ்சம் கழிச்சுப் போடுங்க” என்றால் நகர்ந்துவிடுவார்கள். விருந்துக்காகக் காலையில் பட்டினி கிடக்காதீர்கள். கொலைப்பசியோடு உட்காருபவரால் எந்த அளவையும் காப்பாற்ற முடியாது.

“முகம் வாடிப்போச்சு, சுகரா?” இதைக் கேட்பவர் பெரும்பாலும் வயதில் மூத்தவர். அவர்கள் வளர்ந்த காலத்தில் ஒருவர் திடீரென்று இளைத்தால் காரணம் பெரும்பாலும் காசநோய், நீரிழிவு, வறுமை ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருந்தது. அந்தப் பயத்திலிருந்து வரும் கேள்வியைக் கோபத்தோடு எதிர்கொள்ளத் தேவையில்லை. “இல்லைங்க பெரியம்மா, டெஸ்ட் எடுத்தாச்சு, சர்க்கரை பிரஷர் எல்லாம் நல்லா இருக்கு” என்று ஒரு வரி போதும். முகத்திலும் கழுத்திலும் கொழுப்பு குறைந்தது உடனே கண்ணில் படும் என்பதால் வாட்டமாகத் தெரிவது உண்மைதான். எடை நிலைத்துச் சில மாதங்கள் ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கும் பழகிவிடும். ஆனால் இந்தக் கேள்விக்குக் காது கொடுக்க வேண்டிய ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. எந்த முயற்சியும் செய்யாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எடை 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தாலோ, அதோடு அடங்காத தாகம், இரவில் பலமுறை சிறுநீர், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல் இவற்றில் ஏதாவது இருந்தாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

“என்ன சீக்ரெட்? கொள்ளு ரசமா, தேன் எலுமிச்சையா?” இது பாராட்டுப் போலத் தோன்றினாலும் ஏதோ ஒரு பொருள்தான் செய்தது, நீங்கள் செய்யவில்லை என்று சொல்கிறது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி எல்லோர் வாயிலும் இருக்கிறது. கொள்ளு நல்ல உணவு. 100 கிராமில் 22 கிராம் அளவுக்குப் புரதம், நார்ச்சத்தும் நிறைய, அதனால் பசி அடங்கும். உடலில் இருக்கும் கொழுப்பை அது கரைக்காது. ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது. கேட்பவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் விருப்பம் இருந்தால், எண்ணெய்க் கணக்கையும் புரதக் கணக்கையும் எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் “அளந்து சாப்பிட்டேன்” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

“ஊசி போட்டுக்கிட்டியா?” செமாகுளுடைட், டிர்செபடைட் போன்ற எடை குறைக்கும் ஊசிகள் இந்தியாவில் கிடைக்க ஆரம்பித்தபின் இந்தக் கேள்வி கூடிவிட்டது. போட்டீர்களா இல்லையா என்பது உங்கள் மருத்துவ விஷயம், யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை. போட்டவர்களுக்கும் இது சும்மா வருவதில்லை. 2021-இல் வெளியான பெரிய ஆய்வில் 68 வாரம் வாராவாரம் செமாகுளுடைட் போட்டவர்கள் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தார்கள். குமட்டல், வாந்தி, மலச்சிக்கலைத் தாங்கினார்கள். நிறுத்தி ஓர் ஆண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஊசி போட்டவரும் புரதம் சாப்பிட வேண்டும், பளு தூக்க வேண்டும்.

“உனக்கென்ன, உனக்கு இளைக்கிற உடம்பு.” தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை கொண்டவர்கள் தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2015-16-இல் 30.9 விழுக்காடு, 2019-21-இல் 40.4 விழுக்காடு. சுற்றியிருக்கும் கடை, வேலை, போக்குவரத்து, நேரம் எல்லாமே ஒரு திசையில் தள்ளும்போது அதற்கு எதிர்த்திசையில் 11 மாதம் நடந்தவரை உடல்வாகு என்று சொல்லி ஒதுக்குவது அநியாயம். உடல்வாகில் வித்தியாசம் இல்லையா என்றால், இருக்கிறது. தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின் இவற்றோடு இருப்பவருக்கு அதே உழைப்புக்குக் குறைவான பலன் கிடைக்கலாம். அதனால் நீங்களும் இளைக்காத இன்னொருவரைப் பார்த்து “அளந்து சாப்பிடு, தானா குறையும்” என்று சொல்லாதீர்கள்.

“எல்லாம் திரும்ப ஏறிடும், பாரு.” பேச்சுகளிலேயே மனத்தை அதிகம் நொறுக்குவது இதுதான். பலருக்கு ஏறுகிறது என்பதும் உண்மை. மேலே சொன்ன பசியும் செலவுக் குறைவும்தான் காரணம், சோம்பேறித்தனம் காரணமில்லை. ஏறாமல் காத்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய ஒரு பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது காப்பாற்றியவர்களின் பழக்கங்களைத் தொகுத்து வருகிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடலை அசைக்கிறார்கள், பெரும்பாலும் நடை. காலை உணவைத் தவறவிடாதவர்களும் பெரும்பான்மை. இளைப்பதற்கான கட்டுப்பாடு முடிந்ததும் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டவர்கள் அந்தப் பட்டியலில் நிலைப்பதில்லை.

சொல்லப்படாத வேறு சில சங்கடங்களும் உண்டு. வேகமாக இளைத்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும், புரதமும் இரும்புச்சத்தும் சரியானால் திரும்ப வளரும். வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைத்தால் பித்தப்பையில் கல் வரும் ஆபத்து கூடுகிறது. வயிற்றிலும் கையிலும் தோல் தொங்கும், அது பயிற்சியால் முழுதாக இறுகாது. துணியெல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கும். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சோற்றைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்த்துக் கொட்டி மயக்கம் வரும். ரத்த அழுத்த மாத்திரைக்கும் அப்படித்தான், எடை குறைந்தபின் பழைய அளவே தொடர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும்.

வீட்டில் இருப்பவர்கள் உதவ நினைத்தால் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அது பெரிய உதவி. இரண்டாம் முறை சோறு போட வற்புறுத்தாமல் இருக்கலாம். மிக்சர், பிஸ்கட் டப்பாவைச் சமையல் மேடையிலிருந்து எடுத்துக் கண்ணில் படாத இடத்தில் வைக்கலாம். நடக்கப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். உடம்பைப் பற்றி, நல்லதாகவோ கெட்டதாகவோ, சாப்பாட்டு நேரத்தில் பேசாமல் இருக்கலாம்.

உங்களுக்கு இனி வரும் ஒரு வருடம் முந்தைய 11 மாதத்தை விட முக்கியம். 71 முதல் 73 கிலோ வரை உங்கள் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஏறி இறங்குவதைப் பொருட்படுத்தாதீர்கள். இன்னும் குறைக்கும் ஆசை இருந்தாலும் மூன்று மாதமாவது இங்கேயே நில்லுங்கள். சோற்றை வாரத்துக்கு 30 கிராம் வீதம் கூட்டி எங்கே எடை நிற்கிறது என்று பாருங்கள். ஏழு நாள் சராசரி 73-ஐத் தாண்டினால் அன்றே உண்பதை எழுதி வைக்க ஆரம்பியுங்கள். எண்ணெய்க் கரண்டி, மாலைத் தின்பண்டம், வார இறுதி, தூக்கம் என்ற வரிசையில் சரிபாருங்கள். பெரும்பாலும் முதல் மூன்றுக்குள்ளேயே அகப்பட்டுவிடும். நான்கு வாரம் அளந்து சாப்பிட்டும் இறங்கவில்லை என்றால் ரத்தத்தில் டிஎஸ்ஹெச் (தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் பரிசோதனை) பார்த்து, எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலோடு மருத்துவரிடம் போங்கள்.